இளவேனிலில் வீட்டுக் கூரையைப் பாதுகாப்பாகச் சுத்தம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்ததும் வேம்பு இலையுதிர்க்கத் தொடங்குகிறது. அந்தச் சருகுகள் மொட்டை மாடியின் மூலைகளிலும், ஓட்டு வரிசைகளின் பள்ளங்களிலும், மழைநீர்க் குழாயின் வாயிலும் போய்ச் சேர்கின்றன. சித்திரையில் இடியோடு பெய்யும் முதல் கோடை மழைக்கு முன் அவற்றை அகற்றாவிட்டால், அடைபட்ட தண்ணீர் தளத்தின் வழியே வீட்டுக்குள் இறங்கப் பார்க்கும். கூரையைச் சுத்தம் செய்வது என்பதே தண்ணீருக்கு வழிவிடுவதுதான். இந்த வேலையில் ஆண்டுதோறும் பலர் விழுகிறார்கள். எங்கள் தெருவிலும் ஒருவர் விழுந்தார். ஆகையால் ஏறாமல் முடிகிற எதற்கும் ஏறக்கூடாது என்பதை இப்பக்கம் முழுவதும் வலியுறுத்தியிருக்கிறேன். தமிழ்நாட்டு வீடுகளையும் இங்குள்ள பருவத்தையும் மனத்தில் வைத்தே இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன.

எந்த மாதத்தில் செய்வது நல்லது?

பங்குனி மாதத்தின் முற்பகுதி மிகவும் ஏற்றது. நம் மரபில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும்தான் என்றாலும், அதுவரை காத்திருந்தால் வெயில் முற்றிவிடும்; மே மாதத் தொடக்கத்தில் அக்னி நட்சத்திரமும் வந்துவிடும். மாசியிலேயே செய்துவிட்டாலோ வேம்பும் புங்கனும் மிச்ச இலைகளைக் கொட்டி மறுபடியும் அடைத்துவிடும். வேம்பு செந்தளிர் விட்டுவிட்டதென்றால் அதன் இலையுதிர்வு ஏறக்குறைய முடிந்தது என்று கொள்ளலாம். மரத்தைப் பார்த்து நாள் குறிப்பது நாட்காட்டியைப் பார்த்துக் குறிப்பதைவிடச் சரியாக இருக்கிறது. புத்தாண்டுப் பச்சடிக்கு மாடியில் உதிரும் வேப்பம்பூவைச் சேகரிப்பவர்களுக்குச் சுத்தமான தளம் எப்படியும் தேவை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதாவது புரட்டாசியில், இதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டும். இளவேனிலில் செய்வது அதற்கு மாற்றாகாது. ஆனால் விரிசல்களையும் பழுதுகளையும் கண்டுபிடித்துச் சரிசெய்யப் போதிய காலம் தருவது இளவேனில் சுத்தம்தான்.

நாளின் எந்த நேரத்தில் ஏறலாம்?

விடிந்தது முதல் காலை எட்டரை மணி வரை. பனி ஈரமோ முந்தைய நாள் மழையின் ஈரமோ இருந்தால் அது உலரும்வரை காத்திருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் சிமென்ட் தளம் வெறுங்காலைச் சுட்டுவிடும். அந்தச் சூட்டுக்குக் காலை மாற்றி மாற்றி வைப்பவர் நிலை தடுமாறுவார். தலைச்சுற்றல், குமட்டல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே இறங்கி நிழலுக்கு வர வேண்டும். தொலைவில் இடி கேட்டாலும் அப்படித்தான். கையிலிருக்கும் துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு இறங்கிவிடுங்கள்.

மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதே, அங்கே என்ன ஆபத்து?

மூன்று ஆபத்துகள் உண்டு. முதலாவது, சுவரின் உயரம். பழைய வீடுகள் பலவற்றில் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரமே இருக்கும். ஒரு மீட்டருக்குக் குறைவான சுவர் வளர்ந்த ஒருவரின் சாய்வைத் தடுக்காது. முழங்காலில் இடித்து வெளிப்பக்கமாகக் கவிழ்த்துவிடவும் கூடும். அத்தகைய மாடியில் விளிம்பிலிருந்து ஆறடி தூரத்துக்குள் நின்றுகொண்டு பெருக்காமல், நீளக் கைப்பிடியுள்ள துடைப்பத்தால் உட்பக்கமாக இழுத்துப் பெருக்குவது நல்லது.

இரண்டாவது, பின்னோக்கி நடப்பது. தண்ணீர் ஊற்றித் தேய்க்கிறவர் தம்மை அறியாமலே பின்னால் நகர்ந்துகொண்டிருப்பார். படிக்கட்டுத் திறப்பும் சுவரில்லாத போர்ட்டிகோ விளிம்பும் அவர் முதுகுப் பக்கத்தில் இருக்கும். எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே வேலை செய்ய வேண்டும்.

மூன்றாவது, பாசி. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மார்கழியில் பச்சையாக இருக்கும் பாசி, பங்குனியில் காய்ந்து கறுத்து, தளத்தோடு ஒட்டிய கரித்தூள் போல ஆகிவிடுகிறது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். மிதித்தால் சொரசொரப்பாக, நம்பிக்கை தருவதாகவே இருக்கும். அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பெருவிரலால் தேய்த்துப் பாருங்கள். சோப்பைத் தொட்டது போல வழுக்கும். ஆகவே கறுத்த இடங்களை உலர்ந்த நிலையிலேயே தேய்த்துப் பெருக்கி எடுத்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பு அணிந்து இதைச் செய்யக்கூடாது. அடிப்புறம் வரிவரியாக உள்ள, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் காலணி வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

தண்ணீர் வெளியேறும் வாயிலிருந்து தொடங்க வேண்டும். வழக்கமாக எல்லோரும் எதிர் மூலையிலிருந்து பெருக்கிக்கொண்டு வந்து குப்பை முழுவதையும் குழாய் வாயருகே சேர்த்துவிடுகிறார்கள். அதில் ஒரு பகுதி குழாய்க்குள் இறங்கி வளைவில் சிக்கிக்கொள்கிறது. முதலில் வாயைக் கையால் சுத்தம் செய்து, அதில் ஒரு கோணித் துண்டைச் செருகி அடைத்துவிட்டுப் பிறகு பெருக்குங்கள். கையுறை அவசியம், ஈரச் சருகுக்கு அடியில் தேளும் பூரானும் தங்கும். புறா எச்சம் படிந்திருந்தால் உலர்ந்தபடியே பெருக்க வேண்டாம். அதன் தூசியோடு பறக்கும் பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும் என்பதால், முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே வழித்தெடுக்க வேண்டும்.

குப்பையை அள்ளிய பின் கோணியை எடுத்துவிட்டு, நான்கைந்து வாளித் தண்ணீரை உயரமான பக்கத்திலிருந்து ஊற்றிவிடுங்கள். அது எப்படிப் போகிறது என்பதை நின்று பார்ப்பது இந்த வேலையின் மிக முக்கியமான பகுதி. வாட்டம் (தளத்தின் சரிவு) சரியாக இருந்தால் தண்ணீர் தயங்காமல் வாய்க்கு வரும். ஒரு மணி நேரம் கழித்தும் தேங்கி நிற்கும் இடங்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வைத்தால், கொத்தனார் வரும்போது எந்தத் தட்டோட்டைப் பெயர்த்துப் பூச வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

குழாய் வாய் அடைபட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 1,000 சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் எடை 9 டன்னுக்கு மேல். ஒரு கைப்பிடிச் சருகு அந்த எடையை உங்கள் தலைக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடியது.

பாசியைப் போக்க ஆசிட் ஊற்றலாமா?

கூடாது. கழிவறைக்கு வாங்கும் ஆசிட் பாசியை அரிப்பது போலவே சிமென்டையும் சுண்ணாம்பையும் அரித்துவிடும். தட்டோடுகளின் இணைப்பில் உள்ள பூச்சு கரைந்து, அடியிலிருக்கும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்துக்குத் தண்ணீர் போக வழி ஏற்பட்டுவிடும். பளிச்சென்று ஆன மாடி அடுத்த ஐப்பசியில் ஒழுகுவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலான பாசி போய்விடும். அந்தத் தண்ணீர் கிணற்றுக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ போகாதபடி குழாயைத் திருப்பி விட வேண்டும். எக்காரணம் கொண்டும் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். திறந்த மாடியில்கூட, குனிந்து தேய்ப்பவர் மூச்சு திணறி விழ நேரலாம்.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. வெட்டிவிட்டால் போதுமா?

போதாது, வெட்ட வெட்ட அது தடித்துக்கொண்டே போகும். பறவைகள் பழத்தைத் தின்று இட்ட எச்சத்திலிருந்து முளைக்கும் அரசும் ஆலும் விரிசலுக்குள்ளேயே வேர் பிடிக்கின்றன. இரண்டு இலை விட்ட பருவத்தில் ஈரம் ஊட்டி மெல்ல இழுத்தால் வேரோடு வந்துவிடும். பென்சில் கனம் ஆகிவிட்டால், விரிசலைச் சற்றே கொத்தித் திறந்து வேரை எடுத்த பின் சிமென்ட் வைத்து மூட வேண்டும். சுவரின் வெளிப்பக்கத்தில் முளைத்ததை மாடியிலிருந்து எட்டிப் பிடுங்கவே கூடாது. அதற்காகச் சன்ஷேடில் இறங்கி நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சன்ஷேட் வெயிலையும் சாரலையும் தடுக்கப் போடப்பட்டது. கம்பி துருப்பிடித்த பழைய சன்ஷேட் ஓர் ஆளைத் தாங்கும் என்று நம்பக்கூடாது. அந்தக் கன்றுக்குச் சாரம் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஓட்டு வீட்டுக் கூரையில் நடக்கலாமா?

நாட்டு ஓடாக இருந்தால் நடக்கக்கூடாது. அது அடுக்கடுக்காக வேயப்பட்ட சிறிய வளைவோடு; மிதித்த இடமெல்லாம் நொறுங்கும். அதைச் சுத்தம் செய்வதென்றால் பிரித்து, தட்டி, உடைந்ததை மாற்றி மறுபடி வேய்வதுதான். அது பழகிய கைகளுக்கு உரிய வேலை. அவர்கள் இப்போது அருகி வருகிறார்கள் என்பதால் பங்குனியிலேயே சொல்லிவைப்பது நல்லது.

சீமை ஓடு என்று நாம் சொல்லும் மங்களூர் ஓடு வேறு வகை. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ சமயப்பணி அமைப்பு தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய இந்த ஓட்டில், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பள்ளமும் மேடும் உண்டு. வேம்பின் சருகும் தூசியும் தங்குவது அந்தப் பள்ளங்களில்தான். தவிர்க்க முடியாமல் ஏற வேண்டியிருந்தால், மேல் ஓடும் கீழ் ஓடும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், அடியில் ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) இருக்கும் வரிசையில் மட்டுமே கால் வைக்க வேண்டும். ஓட்டின் நடுவயிற்றில் மிதித்தால் அது உடைந்துவிடும். ஆனால் அந்த ரீப்பரைக் கரையான் அரித்திருந்தால் சரியான இடத்தில் மிதித்தும் பயனில்லை.

அதனால்தான் ஓட்டுக் கூரையை முதலில் வீட்டுக்குள்ளிருந்து பார்க்கச் சொல்கிறேன். நண்பகலில் கதவு, சன்னல் அனைத்தையும் சாத்திவிட்டு அறையின் நடுவில் நின்று, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருங்கள். விலகிய ஓடும் கீறிய ஓடும் தலைக்கு மேல் நட்சத்திரம் போலத் தெரியும். ஒரு நீண்ட கோலால் ரீப்பரையும் அதைத் தாங்கும் கைமரத்தையும் தட்டிப் பார்த்தால், கெட்டியான மரம் கணீரென்று ஒலிக்கும். அரிக்கப்பட்டது பொத்தென்று ஒலித்து மண்ணாக உதிரும். இவ்வாறு பழுது பார்த்து, ஓட்டையும் உள்ளிருந்தபடியே தூக்கி மாற்றிவிட முடிந்தால் மேலே ஏற வேண்டிய தேவையே பெரும்பாலும் இராது. சருகுகளை ஏணியில் நின்று நீண்ட மூங்கிலில் கட்டிய துடைப்பத்தால் மேலிருந்து கீழாக இழுத்துவிடலாம். கீழிருந்து மேலாகத் தள்ளினால் ஓடு நெம்பி எழும்பிவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் ஏறி அவசரத்துக்குப் பெருக்கிவிட்டு இறங்கலாமா?

கூடாது. நான் மேலே குறிப்பிட்டவர் விழுந்தது இத்தகைய கூரையிலிருந்துதான். மாட்டுக் கொட்டகையின் மேல் விழுந்திருந்த முருங்கைக் கிளையை எடுக்க ஏறியவர், ஆணி வரிசையில்தான் நடந்தார். திரும்பும்போது ஒரு காலை மட்டும் அரையடி தள்ளி வைத்தார். தகடு வளையவும் இல்லை, கிறீச்சிடவும் இல்லை. அவர் நின்ற இடத்தில் ஒரு ஓட்டையும் அதன் வழியே எழுந்த தூசியும்தான் இருந்தன. இடுப்பெலும்பு முறிந்து பல மாதங்கள் படுக்கையில் இருந்தார்.

இந்தத் தகடு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கனமுள்ள சிமென்ட் தகடு. தகரம் அமுங்கி எச்சரிக்கும். இது எச்சரிக்காமல் உடையும். வெயிலிலும் மழையிலும் ஆண்டுகள் போகப் போக மேலும் நொறுங்கும் தன்மை அடைகிறது. வெளிச்சத்துக்காக இடையிடையே பதிக்கும் பிளாஸ்டிக் தகடு இன்னும் மோசம். தூசி படிந்துவிட்டால் அதற்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடு தெரியாது. ஆணி வரிசையில் நடந்தால் பாதுகாப்பு என்று சொல்வதை நம்பாதீர்கள். அங்கே அடியில் சட்டம் இருக்கிறது என்பது உண்மை. மனிதக் கால் ஒருமுறைகூடப் பிசகாது என்பது உண்மையில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சிமென்டில் கலந்திருப்பது ஆஸ்பெஸ்டாஸ் நார். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இந்தியாவில் அவ்வகைத் தகடுகள் இன்னும் விற்கப்படுகின்றன என்பதால் அவை தீங்கற்றவை என்று ஆகிவிடாது. உலர்ந்த தகட்டைக் கம்பித் துடைப்பத்தால் தேய்ப்பதும், அழுத்த நீர் பீய்ச்சும் இயந்திரத்தால் அடிப்பதும் நாரை விடுவித்துப் பரப்பும். தகடு உடையாமல் முழுதாக இருந்தால் அதைச் சீண்டாமல் விடுவதே நல்லது. சருகு மட்டும் அகற்ற வேண்டுமென்றால், தரையிலிருந்தோ ஏணியிலிருந்தோ குழாயால் மெல்ல நனைத்து, மென்மையான துடைப்பத்தால் இழுத்துவிடுங்கள். உடைந்த துண்டுகளை நனைத்துத் தடித்த பையில் கட்டிவையுங்கள்; அவற்றைப் பொடித்துக் குழி நிரப்பவோ குழந்தைகள் கையில் படவோ விடாதீர்கள்.

ஏணியை எப்படிச் சாத்துவது?

நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். 12 அடி உயரத்தில் சாத்தினால் அடி மூன்றடி தள்ளி இருக்கும். ஏறி இறங்கும் விளிம்புக்கு மேல் மூன்றடியாவது ஏணி நீண்டிருந்தால்தான் பிடித்துக்கொண்டு இறங்க முடியும். மேல் முனையைக் கயிற்றால் கட்டுங்கள். அடியை ஒருவர் பிடித்திருக்கட்டும். துணி காயப்போடும் நைலான் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு அதைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். விழும்போது அது இடுப்பை வெட்டும், அல்லது அறுந்துவிடும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டையே உதவும். அதையும் தூணிலோ உத்திரத்திலோ கட்டியிருக்க வேண்டும், தண்ணீர்க் குழாயில் கட்டக்கூடாது.

வீட்டின் மேல் மின்கம்பி போகிறது. கவனிக்க வேண்டியது என்ன?

ஏறுவதற்கு முன் நின்று, கம்பி எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். வீட்டு இணைப்புக்கான கம்பியே சுவரிலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் தள்ளியும், கூரைக்கு மேலே 2.5 மீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணைய விதிகள் கூறும் அளவு. மாடி மேல் மாடியாகக் கட்டி நாமே கம்பியை நெருங்கிவிட்ட வீடுகள் ஏராளம். ஆபத்து பெரும்பாலும் கையிலிருப்பதன் நீளத்தில் இருக்கிறது. அலுமினிய ஏணி, இரும்புக் குழாய், ஈர மூங்கில் ஆகிய மூன்றும் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியிலிருந்து மூன்று மீட்டருக்குள் இவற்றை உயர்த்த வேண்டியிருந்தால், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987இல் பேசி, இணைப்பை நிறுத்திய பிறகே தொடங்க வேண்டும். கம்பியில் விழுந்த கிளையை நாமே எடுப்பது என்ற பேச்சே வேண்டாம்.

மேல்நிலைத் தொட்டியையும் அப்போதே கழுவிவிடலாமா?

கழுவலாம், கழுவவும் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டையிடுகிறது. அந்த முட்டை தண்ணீரின்றிப் பல மாதங்கள் தாங்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மாடியில் கிடக்கும் தேங்காய் ஓடு, பழைய டயர், உடைந்த பூந்தொட்டி ஆகியவற்றையும் அன்றைக்கே இறக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் தொட்டியின் மேல் ஏறி நிற்காதீர்கள். மூடி பிசகினால் உள்ளேதான் விழ நேரும்.

சூரிய மின்தகடுகள்?

குளிர்ந்த காலையில், சோப்பில்லாத தண்ணீரால், மென்மையான துணியால் துடைக்கலாம். சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடக்கூடும். வெளிச்சம் இருக்கும்வரை தகட்டில் மின்னழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும். உறை கிழிந்த கம்பியைக் கண்டால் தொடாமல் நிறுவியவரை அழையுங்கள்.

தேன்கூடோ குளவிக்கூடோ இருந்தால்?

அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். புகை போட்டுப் பார்ப்பது, கல்லெறிவது எதுவும் வேண்டாம். ஏணியில் நிற்பவரைத் தேனீ துரத்தினால் அவர் கொட்டு வாங்குவதோடு விழவும் செய்வார். தீயணைப்புத் துறையை 101இல் அழைத்தால் வந்து அகற்றுவார்கள்.

கூலிக்கு ஆள் வைத்துவிட்டால் நமக்குக் கவலை இல்லையே?

இந்தக் கேள்வி என்னை எப்போதும் வருத்தும். நாம் ஏற அஞ்சும் கூரையில் ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொண்டு ஏறுகிறவருக்கும் வீட்டில் காத்திருப்பவர்கள் உண்டு. எந்தத் தகடு நைந்தது, எந்தச் சட்டம் அரித்தது என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அதை ஏறுவதற்கு முன்பே அவரிடம் சொல்வது நம் கடமை. பாதுகாப்புப் பட்டையை நாமே வாங்கிவைத்துத் தருவோம். தனியாளாக ஏற்றாமல் இரண்டு பேருக்குக் கூலி கொடுப்போம். வெயில் ஏறிவிட்டால் மிச்சத்தை மறுநாள் செய்யச் சொல்லி, அந்த நாளுக்கும் கூலி கொடுப்போம். பதினெட்டு வயது நிறையாத யாரையும் ஏற்றக்கூடாது. குடித்துவிட்டு வந்தவரை எவ்வளவு அவசரமானாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

யாராவது விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

தூக்கி நிறுத்தாதீர்கள், உட்காரவும் வைக்காதீர்கள். முதுகெலும்போ கழுத்தோ முறிந்திருந்தால், அன்போடு தூக்குவதே நிரந்தர முடக்கத்தில் முடியக்கூடும். 108ஐ அழைத்துவிட்டு, தலையும் கழுத்தும் அசையாதபடி இரு கைகளாலும் தாங்கியபடி பேசிக்கொண்டிருங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம். மின்சாரம் தாக்கி விழுந்தவரை, இணைப்பு துண்டிக்கப்படும்வரை தொடக்கூடாது.

சுத்தம் செய்த தளத்துக்கு வெள்ளை அடிக்கலாமா?

அடிக்கலாம், கோடையில் வீட்டுக்குள் சூடு குறைவது நன்றாகவே தெரியும். தளம் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும் என்பதால், குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டுக் கண்ணாடி அணிந்துகொண்டு செய்ய வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் இருபது நிமிடமாவது கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

மழைநீர் சேகரிப்புக் குழாயை எப்போது மறுபடி இணைப்பது?

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக உள்ளது. முன்பு சொன்ன 1,000 சதுர அடி மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல் கிடைக்கும்; அதை வீதியில் விடுவது பெரும் இழப்பு. ஆயினும் முதல் கோடை மழையின் தொடக்க நீரை வெளியே விட்டுவிடுங்கள். எஞ்சிய தூசியும் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்புத் துகளும் அதோடு போய்விடும். மழை ஓய்ந்து தளம் உலர்ந்த மறுநாள் காலையில் மாடிக்குப் போய், சுண்ணக்கட்டியால் போட்ட கோடுகளுக்குள் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குழாயைக் கிணற்றுப் பக்கம் திருப்பலாம்.